கிளாத்தித் தீவில் ரெண்டு நிமிஷம்

சீ, என்ன கருமம் பிடித்த நாற்றம் இது. முதல் படியில் கால் வைக்கும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள் கார்மேலா டீச்சர். கலங்கரை விளக்கத்தின் வாசலுக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்க மூலையில் எவனோ மூத்திரம் பெய்துவிட்டுப் போயிருக்கிறான். எவனோ ஒருத்தன் இல்லை, ஊரே வரிசை கட்டி நின்று பெய்திருக்கிறது, சுண்ணாம்பு மஞ்சள் பூத்து உதிர்ந்து கிடக்கிறது. சுற்றிக் கடல் கிடக்கிறது, தீவு முழுக்க உடைமரக் காடு கிடக்கிறது, இந்த ராசாக்களுக்கு நூற்றைம்பது வருஷத்துச் சுவர்தான் கேட்கிறது. அப்பா இந்தத் தரையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுவார், வாரத்துக்கு ரெண்டு தரம், மண்டி போட்டு. அப்பாவை நினைக்கக் கூடாது என்று கரையில் படகு ஏறும்போதுதான் முடிவு பண்ணியிருந்தாள், அது ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. "ம்மா, மெதுவா ஏறு, நூத்து நாப்பத்திரண்டு படி," என்றாள் மகள் ஷெர்லின் பின்னாலிருந்து. இந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடெல்லாம் அவளுடையதுதான். தீவைச் சுற்றிக் காட்டுகிற ஆளிடம் ஒரு வாரமாகப் போனில் பேசி, எங்க தாத்தா அங்க லைட்கீப்பரா இருந்தவர், எங்கம்மா அங்க வளர்ந்தவ, மேலே வைத்து அவளைப் பேச வையுங்கள் என்று முடித்து வைத்திருக்கிறாள். "ரெண்டே ரெண்டு நிமிஷம்தான். பேரு தொபியாஸ், பதினாலு வயசு வரைக்கும் இங்கதான் எங்க வீடுன்னு சொல்லு. அவரு குடியப் பத்தி மட்டும் வாயத் திறந்துராத, என்ன? நான் வீடியோ எடுக்கேன், நம்ம பிள்ள பின்னால பாக்கும்." சரி என்று தலையை ஆட்டினாள் கார்மேலா. குடியைப் பற்றிச் சொல்லக் கூடாதாம். அறுபத்துமூன்று வயசுக்கு இது ஒரு நல்ல வேடிக்கைதான். குடித்திருந்தால்தானே சொல்ல.

பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. முன்னால் ஒரு தடியன் அரைக்கால் சட்டையோடு ஏறுகிறான், சட்டை முதுகில் வியர்வை வட்டம் வட்டமாக, ஒவ்வொரு படிக்கும் அவனுடைய பின்புறம் அவள் முகத்துக்கு நேராக வந்து வந்து போகிறது. பார்க்காதே என்றால் எங்கே பார்ப்பது? சுவரைப் பார்த்தால் அங்கே கே லவ்ஸ் ஆர், நடுவில் அம்பு, ஆணி வைத்துக் கீறியிருக்கிறான், பக்கத்திலேயே எவளோ சாக்லேட் கையைத் துடைத்திருக்கிறாள். கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் பிசுபிசு என்று ஐஸோ எச்சிலோ ஒட்டுகிறது. உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள், போகவில்லை, இன்னொரு தரம் துடைத்தாள். இந்தக் கம்பியை அப்பா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்திருப்பார், கை வைத்தால் வழுக்கும், விழுந்துராத பிள்ளே என்பார், அப்போது அவர் நன்றாகப் பேசுவார், வாயிலிருந்து எதுவும் வழியாது. ம்ஹூம், அங்கே போகாதே. படியை எண்ணு. இருபத்திரண்டு, இருபத்துமூன்று. சுற்றிக் காட்டுகிறவன் பெயர் சேர்மதுரை, இருபத்தைந்து வயசு இருக்கும், கழுத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு மேலேயிருந்து முழங்குகிறான். கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி அது வளைந்து வளைந்து கீழே வருகிறது. "இந்தப் படியெல்லாம் கப்பல்ல வந்த கல்லு சார், வெள்ளைக்காரன் கொண்டாந்தது." பொய். கல் இந்தக் கரையில் வெட்டியது, அப்பா சொல்லியிருக்கிறார். திருத்தலாம் என்று வாய் வரை வந்தது, பொய்யைத் திருத்த நீ யாரடி என்று அதே வேகத்தில் உள்ளே போய்விட்டது.

முதல் சன்னலில் நின்று மூச்சு வாங்கினாள். மருமகன் கெவின் நெஞ்சில் குழந்தையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றான், "மாமி, தண்ணி குடிக்கியளா?" என்றான், நல்ல பையன். குழந்தை ஏரனுக்குப் பதினொரு மாசம், பல் முளைக்கிற நேரம், வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்கி கெவின் சட்டையெல்லாம் ஈரம். "அச்சோ என் ராசாவுக்கு ஒழுகுதே," என்று தன் சேலையாலேயே துடைத்துவிட்டாள், துடைத்த இடத்தில் முத்தம் வேறு கொடுத்தாள், எச்சில் அவள் உதட்டில் பட்டது, அருவருப்பு ஒரு துளி இல்லை. துளி இல்லை. அப்புறம்தான் கை அப்படியே நின்றது. இந்தக் கையா, இதே கையா? அப்பாவுக்கு இப்படித்தான் ஒழுகும், கீழுதட்டின் ஓரத்திலிருந்து, அவருக்கே தெரியாமல், சட்டைக் காலர் எப்போதும் நனைந்து கிடக்கும், ஈறெல்லாம் கறுநீலமாக வீங்கி, வாயைத் திறந்தால் பழைய செப்புக்காசைச் சப்பியது மாதிரி ஒரு வாடை. தீவை விட்டுக் கரைக்குப் போனபிறகு நாலு வருஷம் உயிரோடு இருந்தார், நாலு வருஷமும் அவருக்குத் தனி அலுமினியத் தம்ளர், தனித் தட்டு, உட்காருவதற்குக் குளியலறைப் பக்கம் ஒரு ஸ்டூல். அதையெல்லாம் பிரித்து வைத்தது அம்மா இல்லை, கார்மேலாதான். பதினைந்து வயசில் அவ்வளவு சுத்தக்காரி. அந்தத் தம்ளரைக் கழுவும்போது விரல் படாமல் ரெண்டு குச்சியால் பிடிப்பாள். ஒரு நாள் அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், சிரிக்க முயற்சி பண்ணினார், சிரித்ததில் இன்னும் கொஞ்சம் ஒழுகிற்று. தூ என்றாள். வாய்விட்டுச் சொன்னாள். ஐயோ, அந்தத் தூ இன்னும் இந்த வாய்க்குள்தான் இருக்கிறது.

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினார்கள், செண்டு வாசனையும் கக்கத்து வாசனையும் கலந்து ஒரு காற்று அடித்தது. காலையில் தின்ற இட்லி மேலே வரப் பார்க்கிறது. படகு அசைவா, வயசா, இந்த மூச்சு முட்டுகிற கூடா? சுவரிலே நெற்றியை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் எவன் எச்சில் துப்பினானோ. குடித்திருந்தார் என்றே இருந்துவிட்டுப் போகட்டுமே. யாருக்கு நஷ்டம்? செத்தவருக்குச் சூடா சுரணையா. ஷெர்லின் சொன்னபடி ரெண்டு நிமிஷம், தொபியாஸ், நல்ல மனுஷன், கடமை தவறாதவர், நன்றி வணக்கம், கைதட்டல், கீழே இறங்கி மீன் சாப்பாடு. அவ்வளவுதானே. அதைச் சொல்லத்தான் இத்தனை நாளும் ஒத்திகை பார்த்தாள், குளியலறையில் நின்று, கண்ணாடி முன்னால் நின்று. ஒவ்வொரு தரமும் கடமை தவறாதவர் என்று சொல்லும்போது நாக்கு கடமையில் தட்டுகிறது. பின்னே ஏன் அவரை வெளியேற்றினார்கள் என்று எவனாவது ஒரு பொடியன் கேட்டால்? ஷெர்லினே கேட்டால்? கேட்க மாட்டாள், அவளுக்குப் பதில் தெரியும், குடிகாரத் தாத்தா, அதைச் சோற்றோடு ஊட்டி வளர்த்தவள் கார்மேலாதான்.

குடிக்கவில்லை. பாதரசம். அந்தப் பெரிய கண்ணாடி லென்ஸ் ரெண்டு ஆள் உயரம், அதைச் சும்மா சுற்ற வைக்க முடியுமா, இரும்புத் தொட்டியில் பாதரசத்தை நிரப்பி அதன் மேல் மிதக்கவிட்டிருப்பார்கள், ஒற்றை விரலால் தள்ளினால் அசையும். மாசத்துக்கு ஒரு தரம் அதில் அழுக்கு படியும், லென்ஸ் சுற்றுவது திணறும், உடனே அப்பா காலையிலேயே பாதரசத்தை வாளியில் இறக்கி, பழைய வேட்டியை நாலாக மடித்து அதில் ஊற்றிப் பிழிந்து வடிகட்டுவார், வெறுங்கையால், தயிர்த்துணியைப் பிழிவது மாதிரி. கடல் காற்று தூசியைக் கொண்டுவந்து போடும் என்று சன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, அந்த வெயிலில், அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள். வடிகட்டிய கையோடு கீழே வந்து அம்மா தாலியைப் பிடித்து இழுத்து விளையாடுவார், நன்றாக இருந்த காலத்தில் தினமும், நடுங்கத் தொடங்கிய பிறகு எப்போதாவது. அந்தத் தாலிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒரு நாள் தங்கச் சங்கிலி வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது, ஈயம் பூசியது மாதிரி, சிலுவையும் சேர்ந்து. அம்மா மரியதங்கம் அதைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கை நடுக்கம், வாய் ஒழுகல், ஆள் கண்டால் ஒளிகிறது, எல்லாம் குடிதான் என்று அவளுக்கு ஏற்கெனவே சந்தேகம், பாட்டிலைத் தேடித் தேடி மண்ணெண்ணெய் டின்னுக்குள்ளேகூடக் கையை விட்டுப் பார்த்திருக்கிறாள், ஒரு நாளும் கிடைத்ததில்லை. "மாதாவே காட்டிக் குடுத்துட்டா பாத்தியா பிள்ளே, இவரு செய்யுத பாவத்துக்குக் கழுத்துல கிடக்க தாலி வெளுத்துட்டு," என்றாள். வெட்கத்தில் ஆசாரியிடம்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. போயிருந்தால் அந்த ஆசாரி ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பான், பாதரசம் பட்டிருக்கு அம்மா என்று. சேலைக்குள் போட்டு மறைத்தாள், சாகும் வரை மறைத்தே வைத்திருந்தாள். தாலி வெளுத்த வாரம்தான் அந்தக் கடிதம்.

அம்மா சொல்லச் சொல்லக் கார்மேலா எழுதினாள், மெட்ராஸ் லைட்ஹவுஸ் ஆபீசுக்கு. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். அம்மா சொன்னது, அவருக்குக் குடிப்பழக்கம் இருக்கு போலத் தெரியுது, எங்கள கரைக்கு மாத்துங்க. அவள் எழுதியது, மிதமிஞ்சிய மதுவுக்கு அடிமையாகி விளக்குப் பணியைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அந்த மிதமிஞ்சிய என்பது யாருடையது? அம்மாவுக்கு அந்த வார்த்தையே தெரியாது. ஆஹா என்ன தமிழ், என்ன நடை. அவளுக்குத் தீவு பிடிக்கவில்லை, அதுதான் விஷயம், உப்புக் கரித்த தண்ணீரும் கருவாட்டு ஈயும் ஒழுகுகிற அப்பாவும் பிடிக்கவில்லை, தோழிகளெல்லாம் கரையில் இருந்தார்கள். இத்தனைக்கும் சாராய வாடை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், படகுக்காரர்களிடம் மோந்திருக்கிறாள், அப்பாவின் வாயில் அது ஒரு நாளும் வந்ததில்லை. தெரிந்தேதான் எழுதினாள். இல்லை, தெரிந்து இல்லை, பதினாலு வயசு. இல்லை, தெரிந்துதான். ரெண்டு மாசம் கழித்து ஒரு அதிகாரி பகல் படகில் வந்தார். பதிவுப் புத்தகத்தை நீட்டி, இன்றைய தேதியில் கையெழுத்துப் போடும் என்றார். யாரும் பார்க்காதபோது அப்பாவுக்குக் கை ஓரளவு கட்டுப்படும், ஒருத்தர் பார்த்தால் போச்சு. பேனாவைப் பிடித்தார், வைத்தார், பிடித்தார், முகமெல்லாம் சிவந்து, காகிதத்தில் மை தெறித்து, அதன் மேலேயே ஒழுகி, கடைசியில் அழுதுவிட்டார். "சார், நா குடிக்கமாட்டேன் சார், சத்தியமா," என்றார். அதிகாரி ஒரு தரம் மோந்துகூடப் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்துத் தன் மூக்கில் வைத்துக்கொண்டார். அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கார்மேலாவுக்கு அதிகாரி கையிலிருந்த கோப்பில் தன் எழுத்து தெரிந்தது, முத்து முத்தாக.

நூற்றுப் பத்து தாண்டியிருக்கும். மேலேயிருந்து இறங்குகிற கூட்டம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழி விட்டது, அத்தனை உடம்பும் அவள் மேல் உரசிக்கொண்டு போனது, ஒருத்தன் அவள் காதுக்குள்ளேயே ஏப்பம் விட்டான், முட்டை ஏப்பம். கருமம், கருமம். இவர்கள் மேல் எதற்குக் கோபம்? இவர்கள் நாறுகிறார்கள், அவ்வளவுதான், குளித்தால் போய்விடும். எண்பத்தேழில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாதரசம் நடத்தினாள். ஒரு பெண் எழுந்து, டீச்சர் இத விழுங்கினா என்ன ஆகும் என்று கேட்டது. தெரியவில்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்று நூலகத்துக்குப் போய்ப் பெரிய புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஆவியாக மூச்சில் போனாலே போதும். எச்சில் ஊறும், ஈறு கறுக்கும், கை நடுங்கும், எழுத்து கோணும், பிறர் பார்த்தால் கூசி ஒடுங்குவார். தங்கத்தைத் தொட்டால் தங்கம் வெளுக்கும், அது அவளுக்கே தெரியும், அதைத்தான் காலையில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தாள், எழுதும்போதுகூட மண்டையில் உறைக்கவில்லை. புத்தகத்தை மூடினாள். மறுநாள், விழுங்கினால் உடம்புக்குக் கெடுதி, அடுத்த பாடம் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போனால் அம்மா அடுப்புக்கு முன்னால் வெள்ளைத் தாலியோடு உட்கார்ந்திருக்கிறாள். சொல்லியிருக்கலாம். அன்றைக்கே, அந்த அடுப்படியிலேயே. அப்பா குடிக்கல ம்மா, நாம ரெண்டு பேரும்தான் அவர அடிச்சுத் துரத்தினோம். அதற்கப்புறம் அம்மா பதினாறு வருஷம் இருந்தாள், நவம்பர் மாசம் தவறாமல் கோயிலுக்குப் போய்க் குடியில் செத்த தன் புருஷன் ஆத்துமாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தாள், சாமியாரிடம் குடி என்கிற வார்த்தையைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வாள். பக்கத்தில் நின்றாளே கார்மேலா, மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு. அம்மா மனசு தாங்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அம்மா மனசாம். தன் முத்து எழுத்து வெளியே தெரிந்துவிடக் கூடாது, அதுதான்.

மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் முப்பது பேர் அடைந்து நின்றார்கள், வெயில் நாலு பக்கமும் சுட்டது. லென்ஸ் அப்படியே நிற்கிறது, தூசி படிந்து, மேலே விரலால் பேரெழுதி. அதன் அடியில் அந்த இரும்புத் தொட்டி, காலி, உள்ளே ஒரு சிப்ஸ் பாக்கெட். சேர்மதுரை ஸ்பீக்கரைத் தட்டிச் சரி பண்ணினான். "இப்ப எல்லாம் எல்.ஈ.டி. பல்பு சார், கரையில இருந்தே ஸ்விட்சு. அந்தக் காலத்துல குடும்பத்தோட இங்கயே கிடக்கணும். தனியா கிடந்து கிடந்து பாதிப் பேருக்கு மறை கழண்டுரும், மீதிப் பேரு எந்நேரமும் போதையில கிடப்பாவ. என்ன செய்ய, பொழுது போவணும்லா!" எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தடியன் வயிறு குலுங்கச் சிரித்தான். ஷெர்லின் சங்கடமாக அம்மாவைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அவளும் லேசாகச் சிரித்தாள், வேறென்ன செய்வாள் பாவம். கார்மேலாவுக்கு உள்ளே ஏதோ எழும்பிக்கொண்டு வந்தது, வாந்திதான் என்று நினைத்து உதட்டை இறுக்கினாள். "நம்ம கூட ஒரு லைட்கீப்பரோட மகளே வந்திருக்காவ, டீச்சர் ரெண்டு நிமிஷம் பேசுவாவ," என்று மைக்கை அவள் கையில் திணித்தான் சேர்மதுரை. மைக் நனைந்திருந்தது, அவன் எச்சிலோ யார் எச்சிலோ. அவள் அதைத் துடைக்கவில்லை. வாயோடு வைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா பேரு தொபியாஸ். அவர் குடிக்கமாட்டார்," என்றாள், முப்பது வருஷம் வகுப்பெடுத்த குரலில். "இந்தத் தொட்டியில பாதரசம் இருந்தது. அத அவர் பதினோரு வருஷம் கையால பிழிஞ்சு வடிகட்டினார். அந்த விஷம் ஏறித்தான் கை நடுங்கிச்சு, வாய் ஒழுகிச்சு. குடிகாரன்னு ஒரு லெட்டர் போயி அவர வேலைய விட்டு அனுப்பினாங்க. அந்த லெட்டர எழுதினது நான்." தொட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டாள். "விஷம்னு எனக்குப் பின்னால தெரிஞ்சுது. தெரிஞ்சும் யார்ட்டயும் சொல்லல. எங்கம்மாட்டயும் சொல்லல." மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு பெண் தட்ட, எல்லாரும் கை தட்டினார்கள், படபடவென்று, பள்ளிக்கூட விழாவில் தட்டுவது மாதிரி, தடியன் விசில்கூட அடித்தான். "சூப்பர் டீச்சர்! சரி, வெளிய பால்கனிக்கு பத்துப் பத்துப் பேரா வாங்க, போட்டோ எடுக்கலாம்," என்றான் சேர்மதுரை. கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. கெவின் தட்டவில்லை, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான். ஷெர்லின் கையில் போன் இன்னும் வீடியோ எடுத்தபடி இருந்தது, அதை அணைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"எம்பத்தேழுல."

"ஆச்சி செத்தது ரெண்டாயிரத்து மூணுல." ஷெர்லின் உதடு முணுமுணுத்தது, கணக்குப் போடுகிறாள். "பதினாறு வருஷம். என்னையக் கூட்டிட்டுத்தானம்மா கோயிலுக்குப் போவா. உங்க தாத்தா குடிச்சுச் செத்தாரு, மன்னிச்சிருங்க ஆண்டவரேன்னு சொல்லு தாயின்னு என்னைய முழங்கால் போட வைப்பா. நானும் சொல்லுவேன். நீ பக்கத்துல நிப்ப."

"ஆமாட்டி, நின்னேன்."

கத்துவாள் என்று கார்மேலா நினைத்தாள், கத்தட்டும் என்று காத்துக்கொண்டும் இருந்தாள், அழுதால்கூடப் பிடித்து அணைத்துக்கொள்ளலாம். ஷெர்லின் கத்தவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தாள், உதட்டின் ஒரு ஓரம் மட்டும் கீழே இழுபட, மூக்கு லேசாகச் சுருங்க, பார்த்தாள். அந்தப் பார்வையைக் கார்மேலாவுக்கு நன்றாகத் தெரியும். குளியலறைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரை நாலு வருஷம் அவள் அப்படித்தான் பார்த்தாள். எதிரே இருந்து அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறாள்.